மறைப்புக்கு ஒரு கடிதம்

பெண்களிடம் நோய் பற்றிக் கேட்பதும் அவர்களைப் பரிசோதிப்பதும் மறைப்புக்குள் நடைபெற வேண்டும். இந்த விதி எங்கள் கிளினிக்கின் சுவரிலேயே சட்டமிட்டுத் தொங்குகிறது. அதற்கு நேர் கீழே, திறந்த விறாந்தையில், தாதியின் மேசை. பக்கத்து வாங்கில் காய்ச்சலுக்கு மருந்தெடுக்க வந்து உட்கார்ந்திருக்கும் ஆண்கள்.

என் தங்கச்சிக்கு ஐம்பத்து மூன்று வயது. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம். உடம்பெல்லாம் எரிவதையும் உறக்கம் வராததையும் யாருக்கும் சொல்லாதவள், இனி மாதவிடாய்க்காக இடையில் விடாமல் முப்பது நோன்பும் பிடிக்கலாம் என்பதை எங்கள் ஊர் குறிஞ்சாக்கேணி முழுக்கச் சொல்லித் திரிந்தாள். நோன்பின் நடுவில் மறுபடி இரத்தம் கண்டது.

"ராத்தா, எத்தின நோன்பத் திருப்பிப் பிடிக்கணும்?" அக்காவான என்னிடம் அவள் கொண்டுவந்த கவலை இதுதான்.

நின்ற பிறகு வருவதை டொக்டரிடம்தான் காட்ட வேண்டும் என்று, பெருநாள் கழிந்ததும் இழுத்துக்கொண்டு போனேன். தாதி தலை நிமிராமல் உரக்கக் கேட்டார்: "கடைசியா எப்ப வந்தது?"

வாங்கில் தங்கச்சியுடைய மகளின் மாமனார் இருந்தார். நான் வாய் திறக்குமுன் தங்கச்சி என் கையைக் கிள்ளினாள். "முழங்கால் நோவு மிஸ்." முழங்காலுக்குப் பூச்சு மருந்து கிடைத்தது. மறைப்பு வந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் ஏலாது என்று வீட்டில் சொல்லிவிட்டாள்.

ஆயுளில் பாதியைக் கந்தோரில் கோப்புகளோடு கழித்தவள் நான். மறைப்புக் கேட்டுச் சுகாதாரப் பணிமனைக்குப் பதிவுத் தபாலில் எழுதினேன், பிரதிகளும் அனுப்பினேன். எழுதினால் பதில் வரும் என்று நம்புவது என் தொழில் நோய். இரத்தம் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து விசாரித்தபோது, கடிதம் மேலே போயிருப்பதாகச் சொன்னார்கள்.

மறுநாள் தங்கச்சியையும் என் கட்டில் விரிப்பையும் கிளினிக்குக்குக் கொண்டுபோய், விரிப்பை யன்னல் கம்பிக்கும் அந்த விதி தொங்கிய ஆணிக்கும் இடையில் கயிறு கட்டிப் போட்டேன்.

"ஆரிட்ட அனுமதி எடுத்தீங்க?" என்றார் தாதி.

"கடிதம் மேல போயிருக்கு, மிஸ். அது இறங்கி வரும்வரைக்கும் இது தொங்கட்டும்."

விரிப்பை ஒருதரம் பார்த்துவிட்டு, தன் கதிரையை உள்ளே இழுத்துப் போட்டார். குரலும் இறங்கியது. தங்கச்சி அழுது அழுது எல்லாவற்றையும் சொன்னாள். அந்தக் கிழமையே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துவிட்டார்கள். இன்னும் பிந்தியிருந்தால் புற்றாக மாறியிருக்கும் என்றார் டொக்டர்.

கடிதத்துக்குப் பதிலும் வந்தது. கிளினிக்கைப் பரிசோதித்ததில் அங்கு ஏற்கெனவே மறைப்பு ஒன்று காணப்பட்டதால், மேலதிக நடவடிக்கை தேவையில்லையாம். தபாற்காரர் அதைக் கொண்டுவந்து தந்தது, அடுத்த நோன்புக்குப் பிறை பார்க்கிற அன்று.