டத்தோவுக்காகக் காத்திராத தனம் அக்கா

செய்தி வந்தபோது நான் ஜெலுத்தோங் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் கலைவட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் தலைவர் ஒரே வரி போட்டிருந்தார்: 'நம் செயலாளர் தனம் அக்கா இன்று விடியற்காலை நம்மை விட்டுப் போய்விட்டார்.' அதன் கீழே கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. மீன்காரர் நீட்டிய பையை வாங்க மறந்து கிளம்பிவிட்டேன். வீடு போய்ச் சேருவதற்குள் இரங்கல் சுவரொட்டியும் குழுவுக்கு வந்துவிட்டது. மேலே செயற்குழுவினரின் படங்கள் பெரிதாக. கீழே ஒரு மூலையில் அக்கா, தபால்தலை அளவுக்கு. அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா பார்த்திருந்தால், "செத்தது யாருன்னு தேடணும் போல இருக்கு லா" என்று சொல்லியிருப்பார்.

இதைப் படிக்கும் பினாங்குக்காரர்களில் பலர் என்றோ ஒருநாள் அக்கா பிடித்து இழுத்து வந்து நாற்காலியில் உட்கார வைத்தவர்கள்தான். உங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விஷயம் பாதிப் பேருக்குத் தப்பாகத் தெரிந்திருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அக்காவுக்குப் பாட வராது, ஆட வராது, மேடையில் நிற்கச் சொன்னால் கை கால் உதறும். பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, மேற்பார்வையாளராகி, ஓய்வு பெற்றவர். மகன் எங்கள் நாடகத்தில் ஒரு சின்ன வேடம் போட்டபோது அவனை அழைத்துப்போக ஒத்திகைக்கு வந்தார். நான்கு மணி ஒத்திகை ஐந்தரைக்குத் தொடங்கியதைப் பார்த்தார். மறுவாரம் நான்கு மணிக்கு முன்னாலேயே வந்து கதவடியில் நின்றுகொண்டு, தாமதமாக வந்த ஒவ்வொருவரையும், "வாங்க, பசியாறியாச்சா?" என்று மட்டும் கேட்டார். மாலையில் காலைச் சாப்பாட்டை விசாரித்தால் யாருக்குத்தான் உறைக்காது? அடுத்த மாதம் எல்லோரும் நேரத்துக்கு வந்தோம், அடுத்த ஆண்டு அவரையே செயலாளராக்கினோம்.

பினாங்கு சின்னத் தீவு. இங்கே நாடகம் போடுகிறவன் அண்ணன், பார்க்கிறவன் மைத்துனன், விமர்சிக்கிறவன் சம்பந்தி. ஆகையால் யாரும் விமர்சிப்பதில்லை. முடிந்ததும் 'பிரமாதம்' என்று சொல்லிவிட்டுக் காடிச் சாவியைத் தேடிக் காரில் கிளம்பிவிடுவார்கள். அக்கா அப்படிப் போக மாட்டார். நான் உயிரைக் கொடுத்து எழுதிய ஒரு நாடகத்தில் தகப்பன் பாத்திரம் நீளமாக ஒரு வசனம் பேசும். அதைப் பற்றி அக்காவிடம் ஆசையாகக் கேட்டேன். "நல்லாத்தான் தம்பி இருந்துச்சு. அப்பா பேசுறப்பதான் எனக்கு வீட்டுல அடுப்பை அணைச்சோமா இல்லையான்னு ஞாபகம் வந்துச்சு" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வசனத்தில் பாதியை வெட்டினேன்.

'கலைக்கு ஆதரவு தாரீர்' என்று அழைப்பிதழில் அச்சிடுவது எங்கள் வழக்கம். அக்காவுக்கு அது பிடிக்காது. "ஆதரவு தாங்கன்னா பாவம் பாத்து வருவாங்க. பாவம் பாத்து வந்தவங்க பாதியில எழுந்து போயிருவாங்க" என்பார். அவர் கடலுக்கு அக்கரையில் இருக்கும் பாகான் டாலாமுக்குப் பெரிப் படகு ஏறிப் போய், தெரிந்தவர் தெரியாதவர் வீட்டுக் கதவையெல்லாம் தட்டி, "ஞாயித்துக்கிழமை உங்களுக்கு என்ன வேலை?" என்றுதான் கேட்பார். வேலை இல்லை என்று வாயைத் திறந்தவர்கள் தப்பியதில்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஆறேழு ஆண்டுகள் இருக்கும். ஜார்ஜ்டவுனில் மண்டபம், நான்கு மணிக்கு நாடகம், ஆறரைக்குள் காலி செய்ய வேண்டும்; அன்று மாலை அதே மண்டபத்தில் ஒரு கல்யாண விருந்து. மண்டபத்தை ஆண்டுதோறும் எங்களுக்கு எடுத்துக் கொடுத்தவர் ஒரு தொழிலதிபர். பெயர் வேண்டாம், அரசு கொடுத்த பட்டத்தைச் சொல்லி டத்தோ என்றே வைத்துக்கொள்வோம். நம் ஊர் முறை உங்களுக்குத் தெரியும். டத்தோ வந்து, விளக்கேற்றி, மாலை மரியாதை முடிந்து, பொன்னாடை போர்த்தி, அவர் பேசி, அவரை வரவேற்றவர்கள் பேசிய பிறகுதான் திரை விலகும். நடுவில் வந்தாலும் நிகழ்ச்சியை நிறுத்தி இத்தனையும் செய்வோம்.

நான்கரை ஆயிற்று. டத்தோ வரவில்லை. காத்திருக்கலாம் என்றார் தலைவர். அவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், பெரிய மனிதர்களைக் கண்டால் சற்று வளைந்துவிடுவார். அக்கா கூட்டத்தைப் பார்த்தார். கடல் தாண்டிக் குழந்தை குட்டிகளோடு வந்தவர்கள் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். "இன்னும் காத்திருந்தா கடைசிக் காட்சியைக் கல்யாண மாப்பிள்ளைதான் பாப்பாரு" என்று சொல்லிவிட்டு விளக்குகளை அணைக்கச் சொன்னார்.

நாடகம் என்னுடையது. வாடகை ஏறியதால் கடைவீட்டைக் காலி செய்யும் ஒரு குடும்பம். மகள் கிழவரிடம், "ஒரு வாரம்தாம்பா, சுண்ணாம்பு அடிச்சதும் திரும்பி வந்துரலாம்" என்று பொய் சொல்லி அழைத்துப் போகிறாள். அது முதல் பாதி. பிற்பாதியில், புது வீட்டில், அவர் ஒவ்வொரு நாளும் பையைக் கட்டி வைத்துக்கொண்டு கிளம்பலாமா என்கிறார். அவள் சமையலறையில் நின்று அழுகிறாள்.

அந்த அழுகை தொடங்கும்போது டத்தோ வந்துவிட்டார். தலைவர் மாலையோடு ஓடினார், என்னைப் பார்த்து நிறுத்து நிறுத்து என்று கையை ஆட்டினார். திரைக்குப் பக்கத்தில் நின்ற நான் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தேன். வாசலில் அக்கா டத்தோவைக் கும்பிட்டார். "மன்னிக்கணும் டத்தோ. இப்ப நிறுத்துனா அந்தப் பொண்ணுக்கு அழுகை திரும்ப வராது. பின்வரிசையில உங்களுக்கு நாற்காலி வச்சிருக்கேன், வாங்க." டத்தோ அக்காவைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், போய் உட்கார்ந்தார். முடிந்ததும் கல்யாணக்காரர்கள் மேசைகளை உருட்டிக்கொண்டு உள்ளே நுழைந்துவிட்டதால், பொன்னாடையைக் காடி நிறுத்துமிடத்தில் போர்த்தினோம். அவர் ஒரு வார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டார்.

பாதிப் பேருக்குத் தப்பாகத் தெரிந்த கதை இதற்கு மேல்தான். டத்தோ கோபித்துக்கொண்டு கையை விட்டார், தனம் அக்காவின் பிடிவாதத்தால் மண்டபம் போயிற்று என்பார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். அடுத்த ஆண்டு அக்கா, "நானே போய் டத்தோவைக் கூப்பிட்டு வரேன்" என்றார். செயற்குழு மொத்தமும் பதறியது. எந்த முகத்தோடு போவது? அவரைக் கண்டால் நாங்கள் சாலையின் மறுபக்கம் போய்க்கொண்டிருந்த காலம் அது. வேண்டாம் என்று தீர்மானமே போட்டோம். ஆண்டுதோறும் அக்கா கேட்பார், ஆண்டுதோறும் மறுப்போம். மண்டபம் இல்லாமல், ஆயர் ஈத்தாமில் அக்கா குடியிருந்த அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நாடகம் நடந்தது. மின்தூக்கி திறக்கும் ஓசைக்கு நடுவே, மார்க்கெட் பையோடு நின்று பார்ப்பவர்களுக்கு நடுவே. நல்ல நடிகர்கள் இரண்டு பேர் கோலாலம்பூர் போய்விட்டார்கள். அக்கா அன்று ஐந்து நிமிடம் விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று மனம் சலித்ததுண்டு.

இந்த ஆண்டு அந்த இடமும் மோட்டார் சைக்கிள் நிறுத்தப் போய்விட்டது. அக்கா மருத்துவமனையில் இருந்தார். பார்க்கப் போனவர்கள் உடம்பைப் பற்றிக் கேட்டால் அவர் இடத்தைப் பற்றிக் கேட்டார். "கிடைச்சுதா தம்பி?" இல்லை என்றேன். இந்த ஆண்டு நாடகமே இருக்காது என்று செயற்குழு ஏறக்குறைய முடிவு கட்டியிருந்தது. அதை அவரிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. "டத்தோவைப் போய்க் கேளு" என்றார். சரி என்று தலையாட்டினேன், போகவில்லை. நான்காம் நாள் அந்த வாட்ஸ்அப் வரி வந்தது.

அக்காவைக் கீழ்த்தளத்தில்தான் கிடத்தியிருந்தார்கள். மோட்டார் சைக்கிள்களை அன்று மட்டும் நகர்த்தியிருந்தார்கள். கூட்டம் நிறைந்திருந்தது. கைத்தடி ஊன்றிக்கொண்டு ஒரு முதியவர் வந்து அக்காவின் காலடியில் பூ வைத்தார். டத்தோ. தலைவர் என் பின்னால் ஒதுங்கினார். டத்தோ நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கதானே அந்த நாடகம் எழுதுனவரு?"

"ஆமா டத்தோ. அன்னைக்கு நடந்ததை மனசுல வச்சுக்காதீங்க..."

"வச்சிருக்கேனே" என்றார். "அந்தப் பொண்ணு ஏன் அழுதுச்சு?"

எனக்குப் புரியவில்லை.

"நான் வந்தப்ப அழுதுக்கிட்டு இருந்துச்சு. எனக்கும் அழுகை வந்துருச்சு, பேச முடியல, கிளம்பிட்டேன். ஏன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. மறுவருஷம் கூப்பிடுவீங்க, அப்பக் கேக்கலாம்னு இருந்தேன். நீங்க கூப்பிடல. லேட்டா வந்ததுல கோபம் போலன்னு விட்டுட்டேன்."

நாங்கள் அவர் கோபத்துக்குப் பயந்து ஒளிந்திருக்கிறோம், அவர் எங்கள் கோபத்துக்கு. அக்கா ஒருவர்தான் போய்க் கதவைத் தட்டுவோம் என்றவர், அவரையும் தீர்மானம் போட்டுத் தடுத்திருக்கிறோம். அவரை அங்கே கிடத்தி வைத்துக்கொண்டு இதைத் தெரிந்துகொண்டதில் எனக்கு அழுகை வந்தது. டத்தோ என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பொய்யைப் பற்றியும், கிழவரின் பையைப் பற்றியும் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். "சொன்னா நல்லா இருக்காது டத்தோ. மறுபடி போடுறோம், முதல்லேர்ந்து பாருங்க. இடம்தான் இல்ல."

"இடம் நான் பாக்குறேன். எத்தனை மணிக்கு வரணும்?"

"நாலு மணிக்குத் தொடங்கிருவோம்."

"நான் வரலன்னாலும்?"

தலைவர் என் சட்டையை இழுத்தார். "ஆமா டத்தோ" என்றேன். அவர் அக்கா கிடந்த பக்கம் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

அடுத்த மாதம் அதே நாடகம், அதே மண்டபம். நேற்று செயற்குழு கூடி வேலைகளைப் பிரித்துக்கொண்டது. எழுதியவன் என்ற முறையில் திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதே இத்தனை காலம் என் வழக்கம். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று இந்த நாட்களில் யோசித்துக்கொண்டிருந்தேன். வாசலில் யார் நிற்பது என்று தலைவர் கேட்டபோது, நான் நிற்கிறேன் என்றேன்.