கைடு ட்ராக்கில் இருந்த கனைப்பு

1. மெத்தைக்குப் பின்னால் ஒரு ஸ்டூடியோ

ஸ்டெல்லாக்கா என் வீட்டில் முதன்முதலாகப் பாடிப் பதிவு செய்த அன்று, ஹெட்போனைக் கழற்றியதும் என்னைப் பாராட்டவில்லை. “என் குரலு இப்ப எங்க இருக்குது?” என்று கேட்டார்.

“கம்ப்யூட்டர்ல இருக்குதுக்கா.”

“யாரு வேணா எடுக்கலாமா?”

“பாஸ்வேர்டு போட்டிருக்கேன். எனக்கு மட்டும்தான் தெரியும்.”

“அதான் கேட்டேன்” என்றார்.

எனக்கு அது பிடித்துப்போனது. நானும் எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை. பகலில் விழுப்புரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் பில் போடுவேன். லீவு நாட்களிலும் முகூர்த்த நாட்களிலும் பாபு அண்ணனின் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிப்பேன். பாபு அண்ணன் கூட்டேரிப்பட்டில் சவுண்டு சர்வீஸ் வைத்திருந்தவர், குழுவும் அவருடையதுதான். ஸ்டெல்லாக்கா திண்டிவனத்துக்காரர், சர்ச் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவர். எங்கள் குழுவுக்கு இருந்த பெயரில் முக்கால்வாசி அவர் குரலுக்குக் கிடைத்தது.

வீட்டில் ரெக்கார்டிங் செய்ய ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். மைக் நல்லதாக இருந்தால் போதும் என்று கடைக்காரர் சொல்வார், நம்பாதீர்கள். மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்க்க வேண்டும், ஜன்னலுக்குப் போர்வை கட்ட வேண்டும், ஃபேனை நிறுத்த வேண்டும். எல்லாம் செய்து முடித்து, பாடகர் வேர்த்து வழிந்தபடி உச்சஸ்தாயியைப் பிடிக்கும்போது பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடிக்கும். அந்த வீட்டு அம்மா வேண்டுமென்றே செய்கிறார் என்று பல நாள் நினைத்திருக்கிறேன். இப்போதும் அந்தச் சந்தேகம் முழுதாகப் போகவில்லை.

பாட்டுக்கு முதலில் கைடு ட்ராக் போடுவோம். பல்லவி எங்கே, சரணம் எங்கே என்று வாசிப்பவர்களுக்குத் தெரிவதற்காகப் பாடகர் ஒருமுறை பாடித் தருவது அது. பிறகு குரலை எடுத்துவிட்டு இசையை மட்டும் மேடைக்குக் கொண்டுபோவோம். அதற்கு மைனஸ் என்று பெயர். கைடுதானே என்று எல்லாரும் முணுமுணுத்துவிட்டுப் போவார்கள். ஸ்டெல்லாக்காவுக்கு அது வராது. “வாயத் தொறந்தா முழுசாத்தான் வரும் தம்பி” என்பார். அவருடைய கைடை அப்படியே கேசட் போட்டு விற்கலாம் போலிருக்கும்.

ஒரே ஒரு குறை. ஒவ்வொரு பாட்டிலும் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் “ம்க்கும்” என்று ஒரு கனைப்பு. இன்னொரு டேக் போகலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன்.

“கைடுதானே? இருக்கட்டும்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

2. டேட் இல்லை

கைடை எல்லாருடைய போனுக்கும் அனுப்புவது குழு வழக்கம். பிராக்டீசுக்கு வேண்டுமே. ஆனால் ரிகர்சல் பக்கமே தலைவைத்துப் படுக்காத பாபு அண்ணன், திடீரென்று எல்லாப் பாட்டின் கைடையும் பென்டிரைவில் போட்டுத் தரச் சொன்னார்.

“மைனஸ் போதுமேண்ணே?”

“குரலோட குடுடா. வண்டில கேட்டுக்கினே போறேன்.”

அவர் வண்டியில் பாட்டுப் பெட்டி செத்துப் பல நாள் ஆகியிருந்தது. அதில் ஏறிப் போகிற எனக்குத் தெரியாதா? ஆனாலும் எல்லார் போனிலும் கிடக்கிற ஒன்றை முதலாளிக்கு மட்டும் எப்படி மறுப்பது? கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் திவ்யா என்ற பெண் குழுவுக்கு வந்தாள். அனந்தபுரத்துப் பெண், பளிச்சென்று இருப்பாள், பாட்டு சுமார். ரிகர்சலில் அவளைப் பாடவே சொல்லாமல் மைக்கை எப்படிப் பிடிப்பது, எந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பது என்று பாபு அண்ணன் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே ஸ்டெல்லாக்கா போன் செய்தார். “இந்த மாசம் கச்சேரி டேட்டே இல்லன்றாரு பாபு. உனக்கும் இல்லியா?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “எனக்கு இருக்குதுக்கா.”

“என் வூட்ல அடுப்பு இதுலதான் எரியுது, தெரியுமில்ல?” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

3. திண்டிவனத்து மண்டபம்

அது ஒரு கல்யாண ரிசப்ஷன். மேடை ஏறும் முன் பாபு அண்ணன் என்னையும் ரிதம் பேடு வாசிக்கும் குமாரையும் ஓரமாக அழைத்தார்.

“ஹால்ல எக்கோ ஜாஸ்தி. மொத்தமும் ட்ராக்குலயே உட்டுடறேன். நீங்க கைய மட்டும் ஆட்டுங்க. ஜல்தி, மேல ஏறுங்க.”

கீபோர்டு ஒயரையும் பிடுங்கியிருந்தார். சவுண்டு மிக்சர் பக்கத்தில் அவரே உட்கார்ந்துகொண்டார்.

பாட்டு தொடங்கியது. திவ்யா மைக்கோடு நின்றாள். பல்லவி நடுவில், புகை மெஷின் விட்ட புகை தொண்டையில் இறங்கி அந்தப் பெண் இருமினாள். ஸ்பீக்கர் இருமவில்லை. குரல் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தது. அது யார் குரல் என்று எனக்குச் சொல்ல வேண்டுமா? என் மெத்தைக்குப் பின்னால் வேர்த்து வழிந்து பாடிய குரல் அது.

இரண்டாவது சரணம் வந்தது. திவ்யா உதட்டை மூடி, சொல்லிக் கொடுத்தபடி இடப்பக்கம் திரும்பிச் சிரித்தாள். மண்டபம் முழுக்கக் கேட்டது, “ம்க்கும்!”

முன்வரிசையில் நாலு பேர் சிரித்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒருவர் எழுந்தார். பெண் வீட்டார்தான் எங்களை புக் செய்தவர்கள். மாப்பிள்ளை வீட்டார் ஸ்டெல்லாக்காவின் சர்ச்சுக்காரர்கள் என்பதை பாபு அண்ணன் விசாரிக்கவே இல்லை. பட்டுப்புடவையோடு நேராக மிக்சருக்கு வந்து நின்றார் ஸ்டெல்லாக்கா.

“பாபு, என் தொண்ட இங்க என்கிட்ட இருக்குது. அங்க யாரு கனைக்கிறது?”

“அக்கா, அப்பறம் பேசிக்கலாம். நாலு பேரு பாக்கறாங்க, பேஜாரு பண்ணாத.”

அவர் ட்ராக்கை நிறுத்தவில்லை. என்னைப் பார்த்து, “வாசிடா” என்று கை காட்டினார். எதை வாசிப்பது? ஆத்திரம் பொங்கிக்கொண்டு வந்தது. இரண்டு கையையும் கீபோர்டை விட்டுத் தலைக்கு மேல் தூக்கினேன். குமார் என்னைப் பார்த்தான். குச்சிகளோடு அவனும் தூக்கினான். திவ்யா மைக்கைக் கீழே இறக்கினாள். யாரும் தொடாத வாத்தியங்களில் இருந்து பாட்டு ஜோராகப் போய்க்கொண்டிருந்தது. மண்டபமே விழுந்து விழுந்து சிரித்தது. பாபு அண்ணன் நிறுத்தத்தான் வேண்டியிருந்தது.

“அக்கா, மைக்க ஆன்லயே வெக்க மாட்டேன்னு அவருதான் சொன்னாரு” என்று திவ்யா அழுதாள். ஸ்டெல்லாக்கா அவள் முதுகில் தட்டிவிட்டு மைக்கை வாங்கினார். நான் ஒயரைச் செருகினேன். மாப்பிள்ளையின் அப்பா கேட்டுக்கொண்டதால் அக்கா பாடினார். அந்த மண்டபத்தில் எக்கோவே இல்லை.

பாபு அண்ணன் அன்றே எங்களைக் கழற்றிவிட்டார். நானும் அக்காவும் குமாரும் தனிக்குழு ஆனோம். என் அறையில் இப்போது ஒரே சட்டம்: கைடு முடிந்ததும் குரல் ஃபைல் பாடியவர் கைக்குப் போகும், என்னிடம் இருப்பதை அவர் கண்முன்னாலேயே அழிப்பேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் மைக்கைப் பரிசோதிப்பதற்கு முன் இதைக் கேட்டு வாங்குங்கள்.

ஒருநாள் ரெக்கார்டிங் முடிந்து டீ குடிக்கும்போது அக்காவிடம் கேட்டேன். “பாபு அண்ணன் இப்பிடி பண்ணுவாருன்னு தெரிஞ்சிதான அடையாளத்துக்கு கனச்சிக்கினே இருந்தீங்க?”

“பாபுவா? அவருக்கு கம்ப்யூட்டர தொறக்கவே தெரியாதுன்னு நெனச்சேன்.” டம்ளரைக் கீழே வைத்தார். “உன்னத்தான் தம்பி சந்தேகப்பட்டேன்.”

எனக்குச் சுருக்கென்றது. ஊரையே சந்தேகப்பட்ட எனக்கு, என்னையும் ஒருவர் சந்தேகப்படலாம் என்று தோன்றவே இல்லை. அக்கா இன்றும் இரண்டாவது சரணத்துக்கு முன்னால் கனைக்கிறார். நான் இன்னொரு டேக் கேட்பதில்லை.