தொடாத பக்கங்களைத் தேடியவள்

பேருந்து டிக்கெட் முன்பதிவு செய்யும் அந்த நிறுவனத்தில் அவளை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வயதில் மூத்த வாட்ச்மேன்கூட அப்படித்தான். மேல்மாடியில், ஏசியின் குளிர்காற்று நேராகப் பிடரியில் அடிக்கும் மூலையில் அவள் இருக்கை. வருஷம் பூராவும் ஸ்வெட்டரைக் கழற்றியதில்லை. வேறு இடம் தருகிறோம் என்றபோதும் "பழகிடுச்சு, விடுங்க" என்று சொல்லிவிட்டாள். பேச்சு குறைவு. ஆனால் ஒரு விஷயத்தைப் பிடித்துவிட்டால் உடும்புப் பிடிதான்.

அவள் வேலையெல்லாம் கெர்னலோடு. கம்ப்யூட்டரில் ஓடும் அத்தனை ப்ரோக்ராம்களுக்கும் அடியில் இருந்துகொண்டு, யாருக்கு எவ்வளவு மெமரி என்று பங்கு பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் அது. மெமரியைச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கொடுக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் பக்கம் என்று பெயர். ப்ரோக்ராம்கள் மடி நிறைய வாங்கிக்கொள்ளும். வாங்கியதை உபயோகிக்கிறதா, சும்மா போட்டுவைத்திருக்கிறதா என்று கேட்பாரில்லை.

அந்த வருஷம் காலை வேளைகளில், டிக்கெட் வேலையெல்லாம் ஓடும் சர்வர் கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கவுண்டரில் ஒரு டிக்கெட் அடிப்பதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிடும். கூடுதல் மெமரி வாங்கிப் போடலாம் என்றார் மேனேஜர்.

"வாங்கறதுக்கு முன்னாடி, இருக்கறதுல எது சும்மா கிடக்குதுன்னு பார்த்துடலாம் சார்" என்றாள் அக்கா.

அவள் யோசித்த வழி எளிமையானது. ஒரு பக்கத்தை யாராவது தொட்டால் இயந்திரமே அதில் ஓர் அடையாளம் வைத்துவிடும். இருக்கிற அடையாளங்களை முதலில் அழித்துவிட வேண்டியது. கொஞ்ச நேரம் பொறுத்திருந்து திரும்பிப் பார்க்க வேண்டியது. எதில் புதிதாக அடையாளம் விழவில்லையோ, அது யாரும் தொடாத பக்கம்.

ஒரு திங்கட்கிழமை காலை அதை ஓடவிட்டாள். சற்று நேரத்தில் சர்வர் சுத்தமாகப் படுத்துவிட்டது. கீழே கவுண்டரில் ஜனங்கள் போட்ட சத்தம் மேல்மாடி வரை கேட்டது. வண்டி, வழித்தட விவரங்களெல்லாம் சேர்த்துவைத்திருக்கும் டேட்டாபேஸைக் கவனிக்கிறவர் படியேறி ஓடிவந்தார். அவருக்கு மீசை என்று பட்டப்பெயர். மீசையை எப்போதோ எடுத்துவிட்டார், பெயர்தான் போகவில்லை.

"பார்க்கறேன் பார்க்கறேன்னு சொல்லிப் படுக்க வெச்சுட்டீங்களே அக்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, சாக்குப்போக்கும் சொல்லவில்லை. "என் வேலைதான் காரணம். எப்படின்னுதான் தெரியல" என்று சொல்லி, ஓடவிட்டதை நிறுத்தினாள். காது மடல் சூடாகியிருந்தது.

சாயங்காலம் வீட்டில் கணவர் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். மருந்துக்கடையில் வேலை அவருக்கு. அவளுக்கு முன்னாலேயே வந்துவிடுவார்.

"என்ன, மூஞ்சி தொங்குது?"

"நான் பார்த்ததாலயே ஒரு விஷயம் கெட்டுப் போச்சுங்க."

"சும்மா பார்த்தா எப்படிக் கெடும்?"

அவள் துணியை எடுத்துத் தட்டுகளைத் துடைத்தாள். சும்மாவா பார்த்தோம்? அழித்துவிட்டல்லவா பார்த்தோம்! அந்த அடையாளத்தை நம்பி வேறு யார் இருக்கிறார்கள்? துடைத்த தட்டையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தவளிடமிருந்து அதைக் கணவர் மெதுவாக வாங்கி அடுக்கினார்.

மறுநாள் கெர்னலின் வரிகளைப் படிக்கப் படிக்க விளங்கியது. மெமரி பற்றாமல் போகும்போது, எந்தப் பக்கத்தை வெளியே தள்ளலாம் என்று கெர்னலும் அதே அடையாளத்தைத்தான் பார்க்கிறது. இவள் அழித்துவைத்ததும், யாருக்கும் வேண்டாதவை போலிருக்கிறது என்று, மும்முரமாக வேலையிலிருந்த பக்கங்களை எல்லாம் மெதுவான டிஸ்க்குக்குத் தள்ளியிருக்கிறது. அவற்றைத் திரும்பத் திரும்ப எடுத்துவருவதிலேயே சர்வர் படுத்துவிட்டது.

தன் ப்ரோக்ராமைத் திருத்தினாள். ஓர் அடையாளத்தை அழிக்கும்போதெல்லாம், "இதை யாரோ தொட்டிருந்தார்கள், அழித்தது நான்தான்" என்று கெர்னலுக்குச் சொல்லும் இன்னோர் அடையாளத்தையும் கூடவே வைக்கும்படி செய்தாள். பிறகு மீசையின் மேஜைக்கே போய் நின்றாள்.

"மறுபடியுமா?" என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே.

நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரி. எவ்வளவு நேரம் பொறுத்துப் பார்ப்பீங்க?" என்றார்.

"பத்து நிமிஷம்."

"அக்கா, சனி ஞாயிறு மட்டும் போற வண்டிங்க இருக்கு. திங்கட்கிழமை பார்த்தா அதோட பக்கமெல்லாம் சும்மாதான் கிடக்கும். எடுத்துட்டீங்கன்னா சனிக்கிழமை நான் யார்கிட்ட போய் அழறது?"

அது அவளுக்குத் தோன்றவே இல்லை. "அப்போ ஒரு வாரம் பார்க்கறேன்" என்றாள்.

பார்த்தாள். இம்முறை சர்வர் படுக்கவில்லை. மீசை சொன்னபடியே, வாரம் முழுக்க அசையாமல் கிடந்த பக்கங்கள் சனிக்கிழமை விடிந்ததும் துள்ளி எழுந்தன. ஆனால் அவர் டேட்டாபேஸ் வாங்கிவைத்திருந்ததில் ஒரு பெரிய பங்கை அப்போதும் யாரும் சீண்டவில்லை. எல்லாம் எப்போதோ நிறுத்திவிட்ட வழித்தடங்களின் விவரம். மேனேஜர் நடத்தும் கூட்டத்தில் போட்டு உடைக்க அவளுக்கு மனம் வரவில்லை. முதலில் அவரிடம் தனியாகக் காட்டினாள்.

மீசைக்கு முகம் சுருங்கியது. திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார். "நான் கேட்டு வாங்கினதுதான். வண்டியை நிறுத்தினப்ப இதை மறந்துட்டேன்" என்றார். கூட்டத்தில், அவள் வாயைத் திறக்கும் முன்னால் அவரே எழுந்து அதைச் சொல்லிவிட்டார்.

அந்தப் பங்கைத் திருப்பி எடுத்ததும் காலை வரிசை குறைந்தது. அடியோடு ஒழிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. கொஞ்சம் புது மெமரியும் கடைசியில் வாங்கத்தான் வேண்டியிருந்தது. அதன்பிறகு வாராவாரம் அந்தக் கணக்கைப் பார்ப்பது அக்காவின் வேலையாகிவிட்டது. கணக்கில் "உபயோகமில்லாதவை" என்றிருந்த தலைப்பை மட்டும் "இந்த வாரம் தொடாதவை" என்று மாற்றினாள்.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா?" என்றார் மேனேஜர்.

"அடுத்த வாரம் தொடலாமே சார். அது எனக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு, ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தாள்.