இரண்டு தட்டு

ட்ராமில் இருக்கை காலியாக இருந்தாலும் அம்மா உட்காருவதில்லை. கதவோரக் கம்பியில் முதுகைச் சாய்த்து, இரண்டு கைகளையும் விட்டுவிட்டு நிற்பார். வளைவில் எல்லோரும் சரிவார்கள்; அவர் இடுப்பை லேசாக ஒடித்து நேராகிவிடுவார். பேருந்து நடத்துநராகவே ஊறிய உடம்பு. இப்போது ஓய்வு. மகளைப் பார்க்கக் கடல் தாண்டி வந்திருக்கிறார்.

"ஊராடி இது! பம்பரம் மாதிரி ஒரு நிமிஷம் நிக்குதா பாரு!"

பாலத்தடியில் வாளிகளைக் கவிழ்த்துப்போட்டுத் தாளம் தட்டும் பையன்கள், மிதிவண்டியில் நாற்காலியைக் கட்டிக்கொண்டு போகிறவர், நாயோடு வாக்குவாதம் செய்து போக்குவரத்தையே நிறுத்திய சீமாட்டி: எதையும் விடுவதில்லை. கூட்டம் பிதுங்கினால் கண் பளபளக்கும். "நம்ம திங்கக்கிழமைக் கூட்டமேதான். மூஞ்சி மட்டும் வேற."

மகளுக்கு ட்ராம் தொழிற்சாலையில் வேலை. கதவில் ஆள் நிற்பதை உணரும் கருவி அவள் பொறுப்பு. வந்த அன்றே அம்மாவுக்கு விளக்கினாள்.

"என் வேலைக்கு உலை வைக்கத்தான் உன்னைப் படிக்க வச்சேனா? பெத்த வயிறு குளுந்துபோச்சு, போ."

பக்கத்தில் நின்றவர் ஒன்றும் புரியாமல் சிரித்தார். அம்மா அவரிடமும் தமிழிலேயே முறையிட்டார்.

அம்மா நடத்துநராக இருந்த பேருந்துக்கே அப்பா ஓட்டுநர். அம்மா வண்டியின் பக்கத் தகரத்தில் இரண்டு தட்டு தட்டி "ரைட்" சொல்லாமல் அவர் வண்டியை எடுத்ததே இல்லை. வீட்டிலும் அப்படித்தான். கடைக்குப் போவதானாலும் அம்மா கதவைத் தட்டினால்தான் படி இறங்குவார். போன மழைக்காலத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார்.

அமரர் ஊர்தியை ஓட்டியவர் பழைய சகா. எஞ்சினை ஓடவிட்டு, கண்ணாடியில் அம்மாவையே பார்த்துக் காத்திருந்தார். அம்மா தகரத்தில் கை வைத்தார். தட்டவில்லை.

"என்கிட்ட ரைட் வாங்காம கிளம்பின மனுஷன். இப்ப மட்டும் எதுக்கு?"

கடைசியில் மகள்தான் கையசைத்தாள். அதற்குப் பிறகு அம்மா வாயில் அந்தச் சொல் வரவில்லை. அழுகையும் வரவில்லை. ஆட்டோவில் ஏறினாலும் ஒரு தலையசைப்போடு சரி. மகள் அந்தச் சொல்லுக்காகக் காத்திருக்கிறாள்.

நேற்று விளையாட்டரங்க நிறுத்தத்தில் இருவரும் இறங்கினார்கள். ஆட்டம் முடிந்த கூட்டம் பாடிக்கொண்டே ட்ராமில் மோதியது. கதவு மூடப் பார்க்கும், படியில் காலை உணரும், திறந்துகொள்ளும். மறுபடி மூடும். மறுபடி திறக்கும்.

"உன் மிஷினுக்கு வாய் இல்லடி." அம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். "உள்ள போங்க, உள்ள போங்க! நடுவுல மைதானம் மாதிரி கிடக்கு! ஏம்பா தொப்பி, உன்னைத்தான்! நகரு!"

தொப்பிக்காரர் நகர்ந்தார். அவர் நகர, உள்ளே நின்ற கூட்டமே நகர்ந்தது. கதவு மூடிக்கொண்டது. உள்ளேயிருந்து ஒரே கைதட்டல்.

ட்ராம் உடனே கிளம்பியிருக்கலாம்; கிளம்பவில்லை. நரைத்த மீசைக்கார ஓட்டுநர் பக்கக் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் உள்ளங்கை தகரத்தில் இருந்தது. முகத்தில் சிரிப்பு அடங்கியிருந்தது.

டப். டப்.

"ரைட்," என்றார் அம்மா. பிறகு, மெதுவாக, "போயிட்டு வாங்க."

ட்ராம் வளைவில் திரும்பி மறைந்த பிறகும், தகரம் இருந்த உயரத்திலேயே அந்தக் கை விரிந்து நின்றது.