டயரைப் பார்த்துப் பேசினோம்

எங்கள் வீட்டுப் பின்பக்கம் துணி துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு டயர் படுத்துக் கிடக்கிறது. அதில் தண்ணீர் தேங்காதபடி உள்வளைவில் மண்ணைக் கொட்டி, நடுவில் வைக்கோல் போட்டு வைத்தேன்; கோழி தானாகவே முட்டையிட்டு அதில் அடை உட்கார்ந்துவிட்டது. கொசு மருந்து ஊற்ற வருகிற பெண் ஒவ்வொரு தடவையும், "ஆயா, இந்த டயரத் தூக்கிப் போட மாட்டியா?" என்று கேட்கிறாள். லாரி டயரும் இல்லை, டிராக்டர் டயரும் இல்லை, இதென்ன டயர் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அகலம் ஒரு சாணுக்கு மேல் இருக்கும். தரையில் படுகிற பக்கம் வழித்த தலை மாதிரி மொழுமொழுவென்று இருக்கும். நடு ஓட்டை, கோழிக்கென்றே அளவெடுத்தது போல. அந்தக் கோழிக்குத் தெரியாது, தான் உட்கார்ந்திருப்பது ரேஸ் ஓட்டுகிற டயருக்குள் என்று. தெரிந்தாலும் அது அசையாது. அடைக்கோழிக்கு ரேஸ் என்ன, ரோடு என்ன.

அந்த டயர் என் மருமகனுடையது. அவரைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் வகையறாவில் மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் பேசுவது வழக்கமில்லை. அவர் கூடத்தில் இருந்தால் நான் அடுப்படியில் இருப்பேன். "சாப்பிட வரச் சொல்லு" என்று மகளிடம் சொல்லுவேன், மகள் அவரிடம் சொல்லுவாள். மகள் குளிக்கப் போயிருந்தால் நான் சோற்றுக் குண்டானைப் பார்த்து, "சோறு ஆறிப்போவுதே" என்பேன். அவர் சுவரைப் பார்த்து, "பசிக்கத்தான் பசிக்குது" என்பார். குழம்புக்கு உப்பு கம்மி என்றால் அதையும் சுவரிடம்தான் சொல்லுவார். கல்யாணமாகி வருஷங்கள் ஓடியும் நேராக ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது. நான் அஞ்சாவது வரைக்கும் படித்தவள். யாரிடமும் வாய் கொடுத்துப் பழகாதவள். சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஆளிடம் எதைப் பேசுவது?

அவருக்குச் சின்ன வயசிலிருந்து கார் பைத்தியம் என்று மகள் சொல்லியிருக்கிறாள். ஒருநாள் எங்கள் தெரு முனையில் தகர டப்பாவைத் தரையில் தேய்த்து இழுக்கிற மாதிரி சத்தம் கேட்டது. வாசலுக்குப் போய்ப் பார்த்தால், சிவப்பாக, தட்டையாக, மண்ணோடு மண்ணாக ஒரு கார் வேகத்தடையின் மேல் வயிறு மாட்டிக்கொண்டு நிற்கிறது. யாரோ ஓட்டிவிட்டு விற்ற கார். அதில் இரண்டே சீட். பின்னால் சீட்டே கிடையாது, ஒரு பை வைக்கிற இடம் மட்டும். எதிர்வீட்டு நாத்தனார் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, பாதிக் காருதான் வாங்கினாரா? மீதி அப்புறமா வருமா?" என்று கேட்டாள். மருமகன் சிரித்துக்கொண்டே காரைத் துடைத்தார்.

வினை வந்தது மலையில். எங்கள் வீட்டில் தங்க வந்திருந்த மகளும் மருமகனும் கரியாலூர்ப் பக்கம் அருவி பார்க்கப் போனார்கள். திரும்பும்போது கல்வராயன் மலை மழை பிடித்துக்கொண்டது. வளைவு ஒன்றில் கார் வழுக்கி, பம்பரம் மாதிரி ஒரு சுற்றுச் சுற்றி, வந்த வழியையே பார்த்து நின்றுவிட்டது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் மருமகன் உடனே சிரித்து, "பாத்தியா, எப்படித் திரும்பிச்சி!" என்றாராம். மகள் கதவைத் திறந்து இறங்கினாள். மழையிலேயே நடந்தாள். புளி மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த வேனில் மலைக்காரப் பெண்கள் இடம் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். புளி வாசனையோடு வீட்டுக்கு வந்து நின்றவள், தலைகூடத் துவட்டாமல் சொன்னாள்: "செத்திருப்பேம்மா. அந்த ஆளு சிரிக்கிறாரு."

டயர்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. பழைய சொந்தக்காரர் ரேஸ் ஓட்டுகிற டயரைப் போட்டு, அதையும் தேய்த்துவிட்டு விற்றிருக்கிறார். வெயிலில் பசை மாதிரி ஒட்டுமாம், மழையில் சோப்பு மாதிரி வழுக்குமாம். மகள் ஒரே பிடியாக நின்றாள். மழைக்குத் தாங்குகிற டயர் மாற்றினால் அவரோடு போவாள். இல்லையென்றால் இங்கேயே இருந்துகொண்டு, விட்டுப்போன தையல் வேலையை எடுத்துச் செய்வாள். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் அவள் பெட்டியிலிருந்த துணிகளை எடுத்து என் அலமாரியில் அடுக்க ஆரம்பித்தாள். இரண்டு நாள் தங்க வந்தவள் அலமாரியைத் தொட மாட்டாள்.

மருமகன் வந்தார். டயர் மாற்றுகிறேன் என்றார். ஆனால் மறுபடியும் அதே ரேஸ் டயரைப் புதுசாக வாங்குகிற எண்ணம் அவர் முகத்திலேயே இருந்தது. தேய்ந்ததுதான் தப்பு, டயர் தப்பில்லை என்று சுவரிடம் விளக்கினார். மகள் உள்ளேயிருந்து, "நான் அந்தக் கார்ல ஏற மாட்டேன். எங்கம்மா உங்ககூட கடைக்கு வந்து பாத்து, டயருல கோடு ஆழமா இருக்குதுன்னு சொல்லட்டும். அப்பறம் பாக்கலாம்" என்றாள்.

நானா என்று குண்டானைப் பார்த்துக் கேட்டேன். குண்டான் பதில் சொல்லவில்லை. பின் சீட் இல்லாத காரில் நான் எங்கே உட்காருவேன் என்பதை மூன்று பேரும் அந்த நிமிஷத்தில்தான் யோசித்தோம்.

அந்தக் காரில் ஏறுவது ஏறுவதே இல்லை, கிணற்றில் இறங்குவதுதான். முதலில் காலை வைப்பதா, தலையை நுழைப்பதா என்று புரியாமல், கடைசியில் தொப்பென்று விழுந்தேன். ரோட்டில் காலை நீட்டி உட்கார்ந்தது போல இருந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவர் முகத்தை அவர் பக்கத்து ஜன்னலுக்குத் திருப்பிக்கொண்டார். ஓட்டுகிறவர் அப்படித் திருப்பிக்கொண்டால் என்ன ஆவது என்று பிறகுதான் நேராகப் பார்த்தார். பெல்ட் போட வேண்டும். எப்படிப் போடுவது என்று எனக்குத் தெரியாது, அவரால் என்னைத் தொட்டுப் போட்டுவிடவும் முடியாது, வாயால் சொல்லவும் முடியாது. தன்னுடைய பெல்ட்டைப் போட்டார். கழற்றினார். மறுபடி மெதுவாகப் போட்டுக் காட்டினார். நான் ஓரக்கண்ணால் பார்த்து மாட்டினேன். எனக்குள் சிரிப்பு முட்டியது. எதிர்வீட்டு நாத்தனார் வாசலில் நின்றபடி, "அண்ணி, முன் சீட்டுல ராணி மாதிரி இருக்கிற!" என்று கத்தினாள். எனக்கு அந்தக் காரின் கீழேயே போய்ப் படுத்துக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் கீழே இடம் கிடையாது.

கள்ளக்குறிச்சியில் லாரிக்கும் டிராக்டருக்கும் டயர் விற்கிற பாய், மருமகன் போனில் சொன்னபடி சேலத்தில் தன் மச்சான் கடையிலிருந்து இரண்டு வகை டயர் வரவழைத்து வைத்திருந்தார். பிடித்ததை மாட்டிக்கொண்டு பிடிக்காததைத் திருப்பிவிடலாம் என்று பேச்சு. இரண்டு வகையையும் எதிரெதிரே சுவரில் சாய்த்து, நடுவில் தான் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அம்மா, இது ரேஸ் டயரு. கோடு கம்மி, ரப்பரு ஜாஸ்தி. சூடு ஏறிச்சின்னா ரோட்ட விடாது. ஆனா தண்ணி நின்னுச்சின்னா தண்ணிக்குமேல ஏறி மெதக்கும். அந்தப் பக்கம் இருக்குதே, அது இன்னொரு ஜாதி. ஸ்பீடும் தாங்கும், கோடும் ஆழம். தண்ணிய ரெண்டு பக்கமும் வாரி எறிஞ்சிகினே போவும். அம்பு போட்டிருக்கு பாருங்க, அந்தப் பக்கமாத்தான் சுத்தணும். முன்னாடிக்கு ஒரு சைசு, பின்னாடிக்கு ஒரு சைசு. மாத்திப் போட முடியாது. பணக்கார ஊட்டுப் புள்ளைங்க மாதிரி, எல்லாத்துக்கும் தனித்தனித் தட்டு."

மருமகன் ரேஸ் டயரைத் தடவிக்கொண்டிருந்தார். பிறந்த குழந்தையின் கன்னத்தைத் தொடுகிற மாதிரி தொட்டார். நான் பாயிடம், "பாய், கோடு போட்டதே இருக்கட்டும்னு அவருகிட்ட சொல்லுங்க" என்றேன்.

"பாய், வேகமாத் திருப்பும்போது அந்த டயரு இது அளவுக்குப் புடிக்காதுன்னு அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார் மருமகன்.

"வேகமா இன்னாத்துக்குத் திருப்பணும்னு கேளுங்க பாய்."

"இந்தக் கார வாங்கினதே அதுக்குத்தான்னு சொல்லுங்க பாய்."

பாய் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாங்கள் இரண்டு பேரும் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில்தான் நின்றிருந்தோம். "நான் இன்னா டயர் விக்கிறனா, போன் கம்பம் நட்டுக்கினு நிக்கிறனா? பாங்கு சொல்லியாச்சு, நான் தொழுதுட்டு வர்றேன். அதுக்குள்ள நீங்க ஒரு முடிவுக்கு வாங்க" என்று தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

கடையில் நாங்களும் டயர்களும்தான். தூது போக ஆளில்லை, குண்டான் இல்லை. ரப்பர் வாசனை மட்டும் இருந்தது. நான் என்ன செய்வேன்? கோடு போட்ட டயரைப் பார்த்து, "பெட்டியில இருந்த துணியெல்லாம் எடுத்து அலமாரியில அடுக்கிட்டா" என்றேன்.

அவர் ரேஸ் டயரைப் பார்த்து, "அன்னிக்கு மலையில எனக்குக் கையே அசையல" என்றார். "ஸ்டீரிங்க விட முடியல. வெரலு பிரியல. சிரிக்கலன்னா அழுதிருப்பேன்."

எனக்கு அந்த மனுஷர் மேல் அதுவரை கோபம் இருந்தது. அது அந்த நிமிஷத்தில் எங்கே போனது என்று தெரியவில்லை. "அத நம்மகிட்ட சொல்லி இன்னா பிரயோஜனம்?" என்று டயரிடமே சொன்னேன். "அலமாரி அடுக்குறவகிட்ட இல்ல சொல்லணும்."

பாய் திரும்பி வந்தபோது மருமகன் கோடு போட்ட டயரை உருட்டி வெளியே வைத்திருந்தார். பாய் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "யாரு ஜெயிச்சது?" என்றார். மாட்டும்போது சக்கரத்தின் பளபளப்பில் கீறல் விழாமல் பாய் துணி சுற்றிச் சுற்றி வேலை பார்த்தார். நெம்புகிற கம்பி படுகிற ஒவ்வொரு தடவையும் மருமகன் தனக்கே ஊசி போடுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டார். கழற்றிய பழைய டயரில் ஒன்றை, காசு கொடுத்து வாங்கியதாச்சே என்று நான் கேட்டு வாங்கிப் பின்னால் பை வைக்கிற இடத்தில் திணிக்கச் சொன்னேன். பாயிடம்தான் சொன்னேன்.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் அறுவடை செய்த உளுந்துச் செடியை ரோடு முழுக்கப் பரப்பியிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போனால் காய் வெடித்து உளுந்து உதிர்ந்துவிடும், அடிக்கிற கூலி மிச்சம். மருமகன் அதைப் பார்த்துக் காரை நிறுத்தினார். செடிக்காரி ஓடிவந்து, "ஏன் தம்பி நின்னுட்ட? ஏறிப் போப்பா, அதுக்குத்தான போட்டுக்கிறோம்!" என்றாள். அவர் நம்பி ஏற்றினார். அந்தக் காரின் மூக்கு தரையைத் தேய்க்கிற மூக்கு என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? செடி மேல் கார் ஏறவில்லை. செடியைத்தான் அது வாரி வாரி முன்னால் தள்ளிக்கொண்டு போனது. கண்ணாடி உயரத்துக்கு உளுந்துப் போர் எழும்பியது. பின்னாலே செடிக்காரி, "அடப்பாவி, மெறிக்கச் சொன்னா மொத்தமா இல்ல இழுத்துக்கினு போறான்!" என்று துரத்துகிறாள். மருமகனுக்கு எதிரே ஒன்றும் தெரியவில்லை. நான் பார்த்தேன், என் பக்கத்து ஓரத்தில் அந்தப் போருக்கு நேர் எதிரே ஒரு கன்றுக்குட்டி.

"மாப்ள, நிறுத்துங்க!"

அந்தக் கத்தல் என் வாயிலிருந்து வந்ததுதான் என்று எனக்கே உறைக்கவில்லை. கார் ஆணி அடித்தது போல நின்றது. கன்று அசையாமல் உளுந்துச் செடியை இழுத்துத் தின்ன ஆரம்பித்தது. மருமகன் ஸ்டீரிங்கை விட்டுவிட்டு என் முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் அவர் என் முகத்தை முழுசாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"டயரு நல்லாப் புடிக்குது அத்த," என்றார்.

"ஆமாங்க மாப்ள," என்றேன்.

பிறகு இரண்டு பேரும் இறங்கி, செடிக்காரி திட்டிக்கொண்டே இருக்க, வாரிச் சென்றதையெல்லாம் மறுபடி கையால் பரப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

வாசலில் மகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். டயரின் கோடு ஆழமா என்று குனிந்து பார்த்தாள். கோடே தெரியவில்லை. எல்லாக் கோட்டிலும் உளுந்து வரிசையாக அடைத்துக்கொண்டிருந்தது. முகத்தைச் சிடுசிடுவென்றே வைத்துக்கொண்டு தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி நோண்டினாள். ஊசி உள்ளே போய்க்கொண்டே இருந்தது. உளுந்தும் வந்துகொண்டே இருந்தது. "ஒரு வேள தோசைக்குத் தேறும் போலிருக்கே" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. மருமகன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து இன்னொரு ஊசி கேட்டார். நான் உள்ளே போய் என் வழக்கமான சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அவர் மெல்லிய குரலில், "அன்னிக்கு நான் பயந்துட்டேன்டி" என்று சொன்னது எனக்குக் கேட்டது. மறுநாள் காலையில் என் அலமாரி காலியாக இருந்தது. பெட்டிக்கு இடமில்லாததால் மகள் அதை மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

பேரன் பிறந்ததும் சிவப்புக் காரை விற்றுவிட்டார்கள். யாரும் விற்கச் சொல்லவில்லை. குழந்தையை எங்கே உட்கார வைப்பது என்று அவரே விற்றார். விற்ற அன்று சாப்பிடவில்லை என்று மகள் போனில் சொன்னாள். இப்போது வருவது வெள்ளைக் கார், வீடு மாதிரி பெரிசு. சீட் மூன்று வரிசை. வேகத்தடையில் ஏறினால் தெரிவதே இல்லை. என்னைக் கடைசி வரிசையில் உட்கார வைக்கிறார்கள், காலை நீட்டிக்கொள்ளலாம். முன்னாலிருந்து மருமகன் மகளிடம், "ஏசி போதுமான்னு அத்தையக் கேளு" என்கிறார். மகள் பேரனிடம் சொல்கிறாள், பேரன் என்னிடம் கேட்கிறான். போதும் என்று பேரனிடம் சொல்கிறேன். கேள்வி வந்த வழியே பதில் திரும்பிப் போகிறது. இடம் தாராளமாக இருந்ததும் பழைய வழக்கம் வந்து வசதியாக உட்கார்ந்துகொண்டது.

போன வாரம் வந்திருந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவப் பின்பக்கம் வந்தவர் துவைக்கிற கல்லிடம் நின்றார். நான் இந்தப் பக்கம் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் மகள் இருந்தாள், பேரன் இருந்தான், கூப்பிட்டால் வருவார்கள். அவர் யாரையும் கூப்பிடவில்லை. குனிந்து டயரைப் பார்த்து, "எத்தினி முட்ட வெச்சிருக்கு?" என்று கேட்டார்.

நானும் நிமிரவில்லை. டயரைப் பார்த்தே சொன்னேன்: "எண்ணலீங்க மாப்ள. கையக் கிட்ட கொண்டு போனா கொத்துது."