இரண்டாவது கையொப்பம்

கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோகொப்பி கடை வைத்திருக்கிறேன். இணையத்தில் விண்ணப்பங்களும் நிரப்பிக் கொடுப்பேன். ஒருநாள் கெலிஓயாவிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மகளைக் கொழும்பில் விடுதியில் தங்கிப் படிக்க அனுப்ப வேண்டும். கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பியதும் பெற்றோர் இருவருடைய போனுக்கும் தனித்தனியாக லிங்க் வரும். அதைத் திறந்து ‘சம்மதம்’ என்று அழுத்தினால் அதுதான் கையொப்பம்.

“ரெண்டுக்கும் என் நம்பரையே போடுங்க” என்றார் கணவர்.

கடையில் கூட்டம். அப்படியே போட்டேன். அவருடைய போனை வாங்கி இரண்டு லிங்க்கையும் நானே அழுத்தினேன். “அம்மாவோட கையெழுத்தும் ஆச்சு” என்றேன்.

அந்த அம்மா விளங்காமல் என்னைப் பார்த்தார். “நான் இன்னும் சரின்னே சொல்லலையே தம்பி. அப்போ யாரு கையெழுத்து போட்டது?”

கணவர் வாசலைப் பார்த்தார். திரையில் அந்த அம்மாவின் பெயருக்கு நேரே பச்சைச் சரி அடையாளம் இருந்தது.

கல்லூரிக்கு போன் செய்து, பிழை என்னுடையது என்று சொல்லி விண்ணப்பத்தை நீக்கச் செய்தேன். புதிதாக நிரப்பி, இந்த முறை அந்த அம்மாவுக்கு அவருடைய சொந்த நம்பரையே போட்டேன்.

“மொதல்ல மககிட்ட பேசணும்” என்று அந்த அம்மா எழுந்து போனார்.

தினமும் அந்த விண்ணப்பத்தைத் திறந்து பார்த்தேன். நான்காம் நாள் அவருடைய கையொப்பம் வந்திருந்தது. மகளிடம் என்ன பேசினாரோ தெரியாது.

அதற்கு முன் எத்தனை பேருடைய சம்மதத்தை நான் அழுத்தியிருப்பேன்? ஒருவரும் கேட்கவில்லை. அதனால் சம்மதம்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது எனக்குத் தெரியவில்லை.