பூட்டி வைத்த வெறுங் கடதாசி

யுத்த காலத்தில் சில வருடங்கள் கண்டியில் ஒரு சிறிய சட்ட உதவி அலுவலகத்தில் வேலை செய்தேன். அதற்கு முன் கொழும்பில் பத்திரிகையில் இருந்தவன். எதையும் நேரத்தோடு குறித்து வைக்கும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. அதனால் எங்கள் போட்டோகொப்பி மெஷினில் கடதாசி சிக்கும்போதெல்லாம் ஒரு கொப்பியில் மணியை எழுதி வந்தேன்.

தட்டிலிருந்து புறப்படும் கடதாசி முதல் உருளைக்குள் நுழையும் இடத்திலேயே மடிந்து நின்றுவிடும். பக்கக் கதவைத் திறந்து, கிழியாமல் இழுக்க வேண்டும். கிழிந்தால் துண்டு உள்ளே தங்கி அடுத்ததையும் மறிக்கும். மெஷின் திருத்துபவர் பிலிமத்தலாவையிலிருந்து வந்து இரண்டு தடவை உருளையை மாற்றினார். பயனில்லை. என் கொப்பியைப் பார்த்தால், சிக்கியதெல்லாம் பெரும்பாலும் காலையில்தான். மெஷின் சூடேறத் தாமதமாகிறது என்று முடிவு செய்தேன். அது பிழை.

அலுவலகக் கிளாக்கர் யாழ்ப்பாணத்தவர், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பின்னேரம் வீட்டுக்குப் போகுமுன் தட்டிலுள்ள கடதாசியையெல்லாம் எடுத்து இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டுவார். துண்டுப்பிரசுரம் அடித்ததாகச் சந்தேகப்பட்டு ஒரு போட்டோகொப்பிக் கடைக்காரரைப் பொலிஸ் கொண்டுபோனதை அவர் நேரில் கண்டிருந்தார். ஏன் பூட்டுகிறார் என்று ஒருநாள் கேட்டேன்.

"எழுதின கடதாசிக்கு மறுமொழி சொல்லலாம், தம்பி. வெறுங் கடதாசிக்கு என்னத்தைச் சொல்லுறது?"

அலுமாரி மலைப்பக்கச் சுவரோடு ஒட்டி நின்றது. அந்தச் சுவர் வருடம் முழுக்க வியர்க்கும். இரண்டையும் நான் தினமும் பார்த்தேன், சேர்த்துப் பார்க்கவில்லை.

மழை பெய்த ஒரு காலை, எட்டு மணிக்குச் சற்று முன், தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒருவர் வந்தார். டவுனில் கடையொன்றில் வேலை செய்த அவருடைய மகனை முதல்நாள் சுற்றிவளைப்பில் பிடித்திருந்தார்கள். பையனிடம் அடையாள அட்டை இல்லை. ஒன்பதரைக்குப் பிடிபட்டவர்களை ஏற்றிக்கொண்டு பொலிஸ் வான் கொழும்புக்குப் புறப்படும். அதற்குள் பிறப்புச் சான்றிதழும் தோட்டத்துரையின் கடிதமும் மும்மூன்று பிரதிகளோடு பொலிஸில் கொடுத்தால் பார்க்கலாம் என்றிருந்தார்கள். கொழும்புக்குப் போய்விட்டால் எந்த முகாம் என்று கண்டுபிடிக்கவே மாதங்கள் ஆகும். டவுனில் போட்டோகொப்பிக் கடைகள் திறக்க ஒன்பது மணியாகும்.

முதல் கடதாசி சிக்கியது. இரண்டாவதும் சிக்கியது. மூன்றாவது கிழிந்தது. கிளாக்கர் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினார். தகப்பன் தட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து, விரல்களுக்கிடையில் வைத்து மெதுவாகத் தேய்த்தார்.

"இது வாடலைங்க, ஐயா," என்றார்.

தேயிலை ஃபெக்டரியின் மேல்மாடியில், பறித்த கொழுந்தை வாட்டும் இடத்தில் அவருக்கு வேலை. ஈரம் போகாத கொழுந்தை ரோலரில் போட்டால் கட்டியாகி நின்றுவிடுமாம். மெஷினின் பின்புறம் சூடான காற்று வருவதை அவரே கண்டுபிடித்தார். தாள்களை விசிறிபோல் விரித்து அங்கே பிடித்து, பத்து நிமிடம் புரட்டிக்கொண்டே இருந்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். கிளாக்கர் அலுமாரியைப் பார்த்தார்.

ஆறு பிரதிகளும் சிக்காமல் வந்தன. மணி எட்டு நாற்பது.

அந்த மனிதருக்குச் சிங்களம் பேச வரும், வாசிக்கத் தெரியாது. பொலிஸில் சிங்களத்தில் எழுதி நீட்டுவதில் என்ன இருக்கிறதென்று அறியாமலே அவர் கைநாட்டு வைக்க வேண்டியிருக்கும். என் சிங்களம் பஸ்ஸில் போய்வர மட்டும் போதும். சிங்களம் வாசிக்கத் தெரிந்த கிளாக்கர் குடையை எடுத்தார்.

"வாங்கோ, நானும் வாறன்."

அவருடைய அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருப்பதை நான் நினைவூட்டினேன். அந்த நாட்களில் பொலிஸின் சந்தேகத்துக்கு அது ஒன்றே போதும்.

"அது எனக்குத் தெரியாதெண்டே நினைக்கிறீர்?" என்றார்.

பன்னிரண்டே காலுக்குத் தனியாகத் திரும்பி வந்தார். சேர்ட் நனைந்திருந்தது. கதிரையில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார்.

"பெடியனை விட்டிட்டாங்கள். தகப்பனோட பஸ் ஏத்திவிட்டிட்டு வாறன்."

பிறகு, நான் கேட்காமலே சொன்னார்: "என்ர பேர், விலாசம் எல்லாம் எழுதி எடுத்திட்டாங்கள். கிழமைக்கொருக்கா பொலிஸுக்கு வந்து கையெழுத்து வைக்கட்டாம்."

அதன் பிறகு திங்கட்கிழமைகளில் அவர் பத்து மணிக்குத்தான் அலுவலகத்துக்கு வருவார்.